ஒற்றை ஸ்டாரும் என் உருக்கமான மன்னிப்பும்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் நான் சுரத்தே இல்லாமல் எழுதுகிறேன் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு முடியவில்லையா என்றுகூட ஒருவர் விசாரித்திருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான். போனில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். பல் தேய்க்கும்போதுகூடப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பார்க்கவும் பயம்... பார்க்காமல் இருக்கவும் பயம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொன்னாலாவது கொஞ்சம் ஆறுமா பார்க்கலாம்.

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. காலைக் காபியை வாயில் வைக்கப் போகும் நேரம், போன். என் மனைவியின் தங்கை சுகன்யா.

"மாமா, நம்ம பேஜைப் பாத்தீங்களா?"

"இல்லியே சாமி. என்னாச்சு?"

"ஒருத்தங்க ஒத்த ஸ்டார் போட்டிருக்காங்க மாமா. நம்ம மாவைக் குடிச்சு அவிய கொழந்தைக்கு ரெண்டு நாளா வாந்தியாம்..."

போனை வைத்துவிட்டாள்.

சுகன்யாவைப் பற்றிப் புது வாசகர்களுக்குக் கொஞ்சம். பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கணவர் வடநாட்டு லைன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இவள் தினமும் கரூருக்கு பஸ் ஏறி, ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகளை விட்டுவிட்டு அலைய முடியவில்லை என்று வேலையை விட்டாள். எட்டு மாதமாகக் குழந்தைகளுக்கான சத்துமாவு செய்து விற்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட வேலை செய்கிறார்கள்.

கடை என்று ஒன்று கிடையாது. போன்தான் கடை. ராகி முளைகட்டுவதை ஒரு ரீல்ஸ், வறுப்பதை ஒரு ரீல்ஸ், மகள் கஞ்சி குடித்து மீசை வைத்துக்கொண்டு சிரிப்பதை ஒரு ரீல்ஸ். பேஜில் ஸ்டார் ஏற ஏற ஆர்டரும் ஏறியது. சேலத்தில் ஒரு பிளே ஸ்கூல், காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாதா மாதம் வாங்க ஆரம்பித்தது. அந்த ஆர்டர் வந்த அன்று அவள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை. வாசலில் ஒற்றைச் செருப்பைத்தான் கழற்றியிருந்தாள்.

பிராண்ட் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் எழுத்தால் அந்தப் பெயர் பட்டது போதும்.

பாக்கெட்டைப் பற்றி மட்டும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் தன் மகள் படத்தைப் போடத்தான் சுகன்யா ஆசைப்பட்டாள். என் மனைவி விடவில்லை.

"ஊருக் கண்ணெல்லாம் புள்ள மேல படோணுமா? வேற ஏதாச்சும் கொழந்தை படத்தைப் போடு."

நானும் தலையாட்டினேன். பகுத்தறிவெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதும்போதுதானே? சேலத்து டிசைனர் இன்டர்நெட்டில் எங்கிருந்தோ ஒரு குழந்தை படத்தை இறக்கிப் போட்டுக் கொடுத்தார். கொழுகொழு கன்னம், ரோஸ் நிறம், நீலக் கண். நிச்சயமாக நாமக்கல் ஜில்லாவில் பிறந்ததில்லை.

சரி, ரிவ்யூவுக்கு வருவோம். போட்டவர் ஒரு சின்னப் பையனின் அம்மா. பெயர் வேண்டாம். 'இந்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து என் பையனுக்கு இரண்டு நாளாக வாந்தி. யாரும் வாங்காதீர்கள்' என்று எழுதி, கூடவே கிழிந்த பாக்கெட்டின் போட்டோ. போட்டோவில் பெயர் இருந்த பக்கம் இல்லை. ஆனால் அந்த நீலக் கண் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சுகன்யா ஆர்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அவிய பேரே நோட்டுல இல்லீங்க மாமா. 'எங்க வாங்குனீங்க, எந்தத் தேதி பாக்கெட்டு'ன்னு கேட்டு ஒரு பதில் போட்டுரட்டுமா?"

எவ்வளவு சாதாரணமான கேள்வி! அதை அப்போதே கேட்டிருந்தால் இந்தப் பத்தியே இல்லை. ஆனால் பக்கத்தில் எழுத்தாளன் ஒருவன் இருக்கிறானே... சும்மா இருப்பானா?

"குழந்தைக்கு முடியலைன்னு சொல்றவங்ககிட்ட எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது சாமி. நம்ம மரியாதையைக் காட்டோணும். போனைக் குடு, நான் எழுதறேன்."

எழுதினேன். 'அன்புச் சகோதரிக்கு, தங்கள் செல்வத்துக்கு நேர்ந்த துன்பம் அறிந்து எங்கள் நெஞ்சம் பதறுகிறது. எங்கள் தவறைப் பொறுத்தருள வேண்டுகிறோம். இனி ஒருபோதும் இப்படி நேராது. ஒரு தாயின் கண்ணீருக்கு முன் தலைகுனிந்து நிற்கிறோம்.'

படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. சுகன்யா மட்டும் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"மாமா, 'எங்கள் தவறை'ன்னு இருக்குதுங்களே..."

"அட, அது ஒரு பேச்சுக்குத்தான் சாமி."

ஆமாம், எங்கள் பக்கத்தில் அது வெறும் பேச்சுதான். கல்யாணப் பந்தியில் ஒருவர் ரசத்தில் உப்பு தூக்கல் என்று முகம் சுளித்தால், பெண்ணைப் பெற்றவர் ஓடி வருவார். "தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்பார். ரசம் வைத்தது அவரில்லை. உப்பு சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனாலும் கேட்பார். உடனே இவர், "அட, இதுக்குப் போயி..." என்பார். அதோடு முடிந்தது. யார் மேல் தப்பு என்ற பேச்சே வராது.

போனில் என்ன சிக்கல் தெரியுமா? மன்னிப்பு கேட்க ஆள் இருக்கிறது. "அட, இதுக்குப் போயி" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மதியத்துக்குள் என் நான்கு வாக்கியங்களும் ஸ்கிரீன்ஷாட் ஆகிவிட்டன. 'எங்கள் தவறை' என்ற இடத்தில் சிவப்பு வட்டம். மேலே கொட்டை எழுத்தில், 'கம்பெனியே ஒத்துக்கிச்சு!' அம்மாக்கள் குரூப் ஒன்றிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் வேன் குரூப்... என் பழைய ஆபீஸ் நண்பர் எனக்கே அனுப்பினார். 'பேரக்குழந்தைகளுக்கு வாங்கிவிடாதீர்கள்' என்று அக்கறையாக வேறு.

கமென்ட்டுகளை நான் படித்திருக்கக் கூடாது. படித்தேன். ஒருவர், 'ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பாப்பாவுக்கும் இதே மாவுதான் கொடுத்தோம், இப்பத்தான் காரணம் புரியுது' என்று எழுதியிருந்தார். மாவே பிறந்து எட்டு மாதம்தான் ஆகிறது! யாரிடம் போய்ச் சொல்ல?

சாயங்காலம் பிளே ஸ்கூலிலிருந்து போன் வந்தது. "கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுக்கலாம்ங்க மேடம். பேரன்ட்ஸ் கேக்குறாங்க." அடுத்து நாக்பூரிலிருந்து கணவர். சாப்பிட நிறுத்திய இடத்தில் சேலத்து டிரைவர் ஒருவர் காட்டினாராம். "என்ன சுகன்யா இது?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சுகன்யாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தடவை மாவு அரைக்கும்போதும் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து, மேலே தேதி எழுதி அலமாரியில் வைப்பாள். டெக்ஸ்டைல் கம்பெனியில் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு துண்டு துணி வெட்டி வைப்பார்களாம். அங்கே கற்றது. அன்றைக்கு அந்த மாதத்து டப்பாக்கள் எல்லாவற்றையும் இறக்கினாள். வரிசையாகக் கஞ்சி காய்ச்சினாள். எங்கள் முன்னால் ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள். கடைசியில் மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் குழந்தை டம்ளரை வாயில் வைத்தபோது, 'வேண்டாமே' என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. சுகன்யாவின் கைச்சுத்தம் தெரிந்தவன் நான். என் வீட்டில் தினமும் அந்தக் கஞ்சிதான். எனக்கே சந்தேகம் வந்தது என்றால், ஊரைச் சொல்லி என்ன பயன்?

குழந்தை குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டது.

மறுநாள் வீட்டில் மாநாடு. என் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"இதையெல்லாம் போனுல வெச்சுப் பேசுனா வேலைக்காகாதுங்க. நேர்ல போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தர்லாம்."

எங்கள் ஊரில் எந்த வம்புக்கும் இதுதான் வழி. பழத்தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போய் நின்றால் யாராக இருந்தாலும் இறங்கி வந்துவிடுவார்கள். ஆனால் விலாசம்? அதென்ன பெரிய காரியம்! அந்தப் பெண்ணின் புரொஃபைலில் பையனின் பிறந்தநாள் போட்டோ இருந்தது. பின்னால் மண்டபத்தின் போர்டு. அயோத்தியாப்பட்டணம். என் மனைவிக்கு அங்கே ஒரு அத்தை மகள். மூன்றே போன்... எந்தத் தெரு, எந்த மாடி, வீட்டுக்காரர் என்ன வேலை, எல்லாம் வந்துவிட்டது. இதை நான் பெருமையாக வேறு நினைத்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டை இப்படித் துழாவிக் கண்டுபிடிப்பது எவ்வளவு பயங்கரமான காரியம் என்று அப்போது உறைக்கவில்லை.

"ஆம்பளை ஒருத்தரு கூட வரட்டும்" என்றாள் மனைவி. நான் ஆண் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் என் மச்சினன் குமரேசனைக் கூப்பிட்டாள். ஆறடி. மீசையைப் பற்றித் தனிப் பத்தியே எழுதலாம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை நிறத்தில் பெரிய வண்டி. கண்ணாடியெல்லாம் கறுப்பு. மனசு மட்டும் வெண்ணெய். ஒரு தார் பூவன் பழத்தை அவரேதான் தூக்கி வண்டியில் வைத்தார்.

அடுத்த நாள் காலையில் கிளம்பி, நாமக்கல், ராசிபுரம் தாண்டி, சேலத்தைச் சுற்றிக்கொண்டு ஆத்தூர் ரோட்டில் போய் இறங்கினோம். முற்பகல் நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மாடி வீடு. வண்டிக் கதவுகள் நான்கும் ஒரே நேரத்தில் திறந்தன. மேலே ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தார். இடுப்பில் பையன். அடுத்த நொடி கதவைத் தாழ் போடும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"யாருங்க நீங்க? என்னா வேணும்? வீட்ல அவர் இல்ல!"

குமரேசன் கைகூப்பிக்கொண்டு படியேறினார்.

"பயப்படாதீங்க சாமி. சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போலாம்னுதானுங்க வாரோம்."

அவர் சத்தியமாக மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மீசையோடு, அந்தச் சட்டையோடு, அந்த வார்த்தைகளைக் கேட்டுப் பாருங்கள். என் பொண்ணு வீட்டு வாசலில் ஒருவர் இப்படி வந்து நின்றால் நான் முதலில் போலீஸுக்குத்தான் போன் போடுவேன்.

ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு போன் நீண்டது. எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. "ரிவ்யூ போட்டதுக்கு ஆளக் கூட்டிட்டு வந்து மிரட்டுறீங்களா? இப்பவே லைவ் போடுறேன்!"

ஸ்கிரீன்ஷாட்டுக்கே இந்தப் பாடு. இந்த வீடியோவும் போனால்? சுகன்யா அடுப்பை மறுபடி பற்றவைக்கவே முடியாது. அதைவிட, உள்ளே அந்தப் பையன் வீறிட்டு அழுதான். எங்களைப் பார்த்துத்தான் அழுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுகன்யா திரும்பி எங்களைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் அவள் எங்களிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"எல்லாரும் வண்டியில ஏறுங்க. ஏறி, தெருமுனைக்குப் போயிருங்க. நீங்களும்தான் மாமா."

போனோம். பழத்தாரோடு. தெருமுனையில் இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது அவள் பிற்பாடு சொன்னது.

மேலே பார்க்காமலே கேட்டிருக்கிறாள்.

"பையன் இப்பக் கஞ்சி ஏதாச்சும் குடிக்கிறானுங்களா?"

மேலேயிருந்து குரல். "நேத்துலருந்து இட்லி சாப்புடுறான்."

"வாந்தி?"

"நின்னுடுச்சு."

"அப்பாடா..." என்று சொன்னவள், அதற்கு மேல் அடக்க முடியாமல் அங்கேயே அழுதுவிட்டாளாம். மேலே தாழ் விலகும் சத்தம் கேட்டதாம்.

அதற்கப்புறம்தான், முதல் நாளே கேட்க நினைத்ததைக் கேட்டாள். எங்கே வாங்கினீர்கள்? எந்தத் தேதி? அந்தப் பெண் உள்ளே போய்ப் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு பொருட்காட்சி ஸ்டாலில் வாங்கியது. வேறு பெயர். வேறு ஊர். சுகன்யா தன் பையிலிருந்து எங்கள் பாக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் அதே கொழுகொழு கன்னம். அதே நீலக் கண். ரிவ்யூ போட, போனில் சத்துமாவு என்று தேடியபோது முதலில் வந்த முகத்தைப் பார்த்ததும், இதுதான் என்று அவர் நினைத்துவிட்டார். பிள்ளைக்கு முடியாமல் கிடக்கும்போது பெயரையா படித்துக்கொண்டிருப்பார்?

"ஐயோ, தப்புப் பண்ணிட்டேங்க" என்று அவர் சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"அட, இதுக்குப் போயி... புள்ளைக்கு ஆகலைன்னா யாருதாங்க நெதானமா இருப்பாங்க?"

அங்கேயே ரிவ்யூவை அழித்தார். வீடியோவை அழித்தார். 'நான் பார்த்தது வேறு பாக்கெட், இவர்கள் மேல் தப்பில்லை' என்று விளக்கமும் போட்டார். குமரேசன் மறுபடி வண்டியை விட்டு இறங்கவே பயந்து, பழத்தாரை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

எல்லாம் சுபம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த விளக்கத்துக்கு விழுந்தது மொத்தம் ஒன்பது லைக். அதில் நான்கு எங்கள் வீட்டாருடையது. ரிவ்யூ போய்விட்டது. ஸ்கிரீன்ஷாட் போகவில்லை. யார் யார் போனிலோ உட்கார்ந்துகொண்டு, தினமும் எங்காவது தலைகாட்டுகிறது. பிளே ஸ்கூலில் "பாத்துட்டுச் சொல்றோம்ங்க" என்கிறார்கள். கூட வேலை செய்த இரண்டு பெண்களில் ஒருவர் இப்போது டெக்ஸ்டைல் வேலைக்குக் கரூர் பஸ் ஏறுகிறார்.

சுகன்யா பாக்கெட்டை மாற்றிவிட்டாள். இப்போது அதில் அவள் மகள் சிரிக்கிறாள். இந்தத் தடவை என் மனைவி தடுக்கவில்லை. போட்டோ எடுக்கும் முன்னால் குழந்தையின் கன்னத்தில் பெரியதாக ஒரு மைப்பொட்டு மட்டும் வைத்தாள். அதை அழித்துவிடட்டுமா என்று டிசைனர் கேட்டதற்கு, "இருக்கட்டும்ங்க" என்றாள் சுகன்யா. பேஜின் பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை நாமக்கல் பஸ்ஸில் போனேன். மடியில் புதுப் பாக்கெட்டுகள் இரண்டு, ஒரு நண்பர் வீட்டுக்கு. பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, இந்த மாவையா கொழந்தைக்கு வாங்கிட்டுப் போறீங்க? வேண்டாமுங்க. படத்தை மாத்திட்டாங்க, பேரு அதேதானுங்க. இதைப் பாருங்க."

போனை நீட்டினார். சிவப்பு வட்டம். என் நான்கு வாக்கியங்கள்.

"இது நான் எழுதுனதுங்க" என்றேன். "மாவுல ஒரு தப்பும் இல்லீங்க. ரிவ்யூ போட்டவிய பாத்தது வேற பாக்கெட்டு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குழந்தையைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டார்.

"தப்பு இல்லைன்னா எதுக்குங்க மன்னிப்புக் கேட்டீங்க? அதுவும் இத்தனை உருக்கமா?"

மடியிலிருந்த பாக்கெட்டுகள் இரண்டையும் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

எத்தனையோ வருடமாக எழுதுகிறேன்... இத்தனை பேர் ஒரு வார்த்தை விடாமல் படித்து, அத்தனையையும் அப்படியே நம்பியது என் எழுத்தில் இந்த ஒன்றைத்தான்!